மண்டபத் தரை

பிப்ரவரி 12, புதன்

காலையில் படுக்கையறையைப் பெருக்கும்போது விளக்குமாறு எதிலோ சிக்கியது. குனிந்து பார்த்தால், குளியலறைக் கதவை ஒட்டித் தரை உப்பிக்கொண்டு நிற்கிறது. ஒரு சில்லு பெயர்ந்து கிடந்தது. எடுத்ததும் கையிலேயே பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. சுற்றிலும் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. குளியலறையிலிருந்து ஈரம் இறங்குகிறது போல.

மொசைக் தரை. வெள்ளைச் சிமெண்டில் கறுப்பும் மஞ்சளுமாகக் கல். அறைக்கு நடுவில் பெரிய பூ ஒன்று. பச்சை இதழ்கள், நடுவில் சிவப்பு. பாதிப் பூ கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. இன்றைக்குத்தான் அந்தப் பூ எங்கே முடிகிறது என்று பார்த்தேன்.

சாயங்காலம் அவர் மின்வாரிய ஆபீசிலிருந்து வந்ததும் சொன்னேன். காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

“அது ரொம்ப நாளாவே அப்பிடித்தான் கெடக்கு. பழசையே சரிபண்ணணுமா, மொத்தத்தையும் எடுத்துட்டு வேற போடணுமா, ஒனக்கு எப்பிடித் தோணுதோ அப்பிடிச் செய்யி.”

நல்ல மனிதர். எதற்கும் குறுக்கே நிற்கமாட்டார். சிதம்பரநாதன் என்று அவர் பெயரை எழுதிப் பார்த்தால் இன்னும் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் மாதிரிதான் இருக்கிறது. அவருடைய முதல் மனைவி கோமதி காலமாகி நான்கு வருடம். மகள் நித்திலா எட்டாம் வகுப்பு. நான் தென்காசியில் அப்பாவைப் பார்த்துக்கொண்டு முப்பத்தொன்பது வயதுவரை இருந்துவிட்டேன். அப்பா போன பிறகு, இந்த ஊரில் வந்து இறங்கியிருக்கிறேன்.

பாளையங்கோட்டை ஒன்றும் தூரம் இல்லை. தென்காசியிலிருந்து பஸ்ஸில் ஏறினால் ஒரு தூக்கம்.

பிப்ரவரி 14, வெள்ளி

ரசத்தில் உப்பு கூடிவிட்டது. இரண்டு பேரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அவருடைய அக்கா வடிவு மதினி வந்திருந்தார். புது மருமகள் வீட்டை எப்படி வைத்திருக்கிறாள் என்று பார்க்க வந்தது தெரிந்தது. தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. படுக்கையறைக்கு வந்தபோது மட்டும் செருப்பில்லாத காலால் அந்தப் பூவைத் தடவிப் பார்த்தார்.

“ஏட்டி அரசி, இந்தத் தரை இருக்கு பாரு, இது கோமதி பாத்துப் பாத்துப் போட்டது. கல்யாணமான புதுசுல. எங்கிட்ட எத்தன தடவ சொல்லிருக்கா தெரியுமா? வீட்டுல எல்லாம் மாறிப் போச்சு, இது ஒண்ணுதான் அவ வச்ச மாதிரியே இருக்கு.”

மங்கையர்க்கரசி என்ற என் பெயரைச் சுருக்கிக் கூப்பிடுவது இந்த ஊரில் மதினி ஒருவர்தான் என்று நினைத்திருந்தேன். என் வீட்டுக்காரரும் அரசி என்றுதான் கூப்பிடுகிறார். அதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

மதினி போன பிறகு அறையில் நடக்கும்போது கால் தானாகவே பூவைச் சுற்றிப் போகிறது.

தென்காசியில் எங்கள் வீட்டுத் தரை சிவப்பு. ரெட் ஆக்சைடு போட்டுத் தேய்த்து இழைத்த தரை. சனிக்கிழமை மத்தியானம் அம்மா தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவாள். காய்ந்தும் காயாமலும் இருக்கும்போது நானும் தங்கை பகவதியும் குப்புறப் படுத்துக் கன்னத்தை ஒட்டவைத்துக்கொள்வோம். ஒரு கன்னம் சூடானதும் மறு கன்னம். இடம் சூடானதும் உருண்டு அடுத்த இடம். உருண்டு உருண்டு இரண்டு பேரும் முட்டிக்கொள்வோம். அப்பா பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர். வேலை முடிந்து வந்தால் நாற்காலியில் உட்காரமாட்டார். காலைக் கழுவிவிட்டு நேரே தரையில் உட்கார்ந்து, “ஆத்தாடி” என்று ஒரு மூச்சு விடுவார். அவருடைய முதுகு பட்டுப் பட்டுச் சுவரில்கூட ஓர் இடம் வழவழப்பாக இருந்தது.

நவம்பரில் வீட்டை விற்றோம். ரேஷன் கார்டு முகவரி விஷயமாக ஒருநாள் அந்தத் தெருவுக்குப் போனேன். வாசலிலேயே சத்தம் கேட்டது. தரையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். சிவப்புச் சில்லுகளைச் சாக்கில் அள்ளிக் கட்டினார்கள். தூசி கண்ணில் விழுந்துவிட்டது, உடனே திரும்பிவிட்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கொத்தனார் தாவீது வந்தார். கரண்டிக் காம்பால் தரையைத் தட்டிக்கொண்டே போனார். சில இடத்தில் கெட்டியாக, சில இடத்தில் பானையைத் தட்டுகிற மாதிரிச் சத்தம்.

“அண்ணாச்சி, பாத்ரூம் ஓரம் பூரா உள்ள ஒண்ணுமில்ல. ஈரத்தக் கட்டிட்டு, கெட்ட எடத்த மட்டும் வெட்டி எடுத்துப் புதுசு போட்டு, மெஷின் வச்சு பாலிஷ் போட்டா கண்ணாடி மாதிரி ஆயிரும். ஆனா ஒட்டுப் போட்டது தெரியும். அத மட்டும் இப்பமே சொல்லிருதேன்.”

“இல்லன்னா?” என்றார் இவர்.

“மொத்தமா உடைச்சுட்டு டைல்ஸ் போட்டுருவோம். இப்பம் யாரு மொசைக் வச்சிருக்கா?”

“அவளக் கேளுங்க.”

தாவீது என் பக்கம் திரும்பினார். பாலிஷே போதும் என்றேன். ஒரு மூலை கெட்டதற்காக முழுத் தரையையும் உடைப்பானேன் என்றேன். இவர் முகம் ஏனோ வாடியது. செலவு மிச்சம் என்று சந்தோஷப்படுவார் என நினைத்தேன், அப்படித் தெரியவில்லை.

நித்திலா ஹாலில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். “நீ என்னம்மா சொல்லுத?” என்று கேட்டேன்.

“எனக்கென்ன? உங்க ரூமு.”

தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். ‘உங்க’ என்றது மரியாதைக்காக இருக்கும்.

மார்ச் 2, ஞாயிறு

பகவதி ஓசூரிலிருந்து பேசினாள். தரை விஷயத்தைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

“அக்கா, உனக்குக் கோட்டியா? அந்த அம்மா தரையில நீ எதுக்குப் பூப்போல நடக்கணும்? அவுகளே மாத்துன்னு சொல்லுதாவ. மாத்து.”

“அது அந்தப் பிள்ளையோட அம்மா தரைட்டி. நம்ம வீட்டுத் தரைய உடைச்சத நான் பாத்திருக்கேன், நீ பாக்கல.”

“சரி. அப்ப ஒன் தரை எது?”

சரியாகக் கேட்கவில்லை என்று இரண்டு தடவை “அலோ, அலோ” சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

காய்கறி வாங்கிக்கொண்டு சீக்கிரம் வந்துவிட்டேன். அவர் தண்ணீர்த் தொட்டி கழுவ மாடிக்குப் போயிருந்தார். படுக்கையறைக் கதவு பாதி திறந்திருந்தது. நித்திலா தரையில் குப்புறப் படுத்திருக்கிறாள். பூவின் மேல் கன்னம். கண் மூடியிருந்தது, தூங்கவில்லை. கைவிரல் ஒன்று இதழின் ஓரத்திலேயே போய்க்கொண்டிருந்தது.

சத்தமில்லாமல் அடுக்களைக்குப் போய், அங்கிருந்து பாத்திரத்தை உருட்டினேன். கொஞ்ச நேரத்தில் அவள் வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டுத் தன்னுடைய சின்ன அறைக்குப் போய்விட்டாள். கன்னத்தில் கல் பதிந்த அடையாளம்.

இனி யோசிக்க ஒன்றுமில்லை. தரை இருக்கும்.

மார்ச் 10, திங்கள்

பூசணிக்காய் சொதி. நன்றாக வந்தது. தேங்காய்ப்பால் மிச்சம்.

மார்ச் 15, சனி

தாவீது மூலையில் சாண் அகலத்துக்கு வெட்டிப் புதுக் கலவை போட்டிருந்தார், நிறம் பொருந்துகிறதா என்று பார்க்க. இன்று தேய்த்துக் காட்டினார். பொருந்தவில்லை. வெள்ளைத் துணியில் சாம்பல் நிறத்தில் ஒட்டுத் துணி வைத்துத் தைத்ததுபோல் இருந்தது.

“பழைய கல்லு இப்பம் கெடைக்காதுக்கா. நானும் ரெண்டு மூணு எடத்துல கேட்டுப் பாத்துட்டேன்.”

பரவாயில்லை, அப்படியே இருக்கட்டும், அதன்மேல் பீரோவை நகர்த்திவிடலாம் என்றேன். இவர் அதுவரை வாசலில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். தாவீது போகும்வரை பொறுத்திருந்தார்.

“ஒரு தரைக்கு எதுக்கு இவ்வளவு பாடு?”

“இருக்கிறத ஏன் உடைக்கணும்னுதான்.”

“அரசி, நான் ஒண்ணு கேக்கேன். ஒனக்கு இங்க இருக்கப் பிடிச்சிருக்கா இல்லையா?”

என்ன பேச்சு இது என்று கேட்டேன்.

“ஒன் பெட்டியக்கூட இன்னும் நீ பிரிக்கல. தெனமும் காலையில பெட்டியத் தொறந்து சேலை எடுக்க, சாயங்காலம் அதுலயே மடிச்சு வைக்க. ஆணி அடிக்கணும்னாக்கூட எங்கிட்ட கேக்க. வாடகைக்கு வந்தவ மாதிரி இருக்க. இந்த ரூமையாவது ஒன் இஷ்டத்துக்கு மாத்திக்கிடுவேன்னு பாத்தா, அதுவும் வேண்டாம்னுட்ட.”

குரலை உயர்த்திப் பேசவில்லை. பேசி முடித்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டார். வீட்டில் ஸ்கூட்டர் இருக்கும்போது சைக்கிளை எடுத்தார் என்றால் கோபம்தான்.

பெட்டியைப் பிரிக்காததற்குக் காரணம் பீரோவில் இடம் இல்லாததுதான். அதைச் சொல்லலாம் என்று பீரோவைத் திறந்தேன். நடுத் தட்டு இரண்டும் காலியாக இருந்தன. புதிதாகச் செய்தித்தாள் விரித்து, மூலையில் நாப்தலீன் உருண்டைகூடப் போட்டிருந்தார். தாளில் ஜனவரி மாதத் தேதி. கல்யாணத்துக்கு முன்பே ஒழித்து வைத்திருக்கிறார். நான் அந்தக் கதவைத் திறந்தே பார்க்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

சேலைகளை அடுக்கினேன். தட்டு நிறைந்துவிட்டது. அவர் பார்த்தார். மத்தியானம் மூன்று தடவை மோர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

தரை விஷயத்தை யாரும் எடுக்கவில்லை.

ஏப்ரல் 5, சனி

இன்றைக்கு நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

நான் குளித்துக்கொண்டிருந்தேன். கட்டில்மேல் என் ஃபோன் விடாமல் அடித்தது. நித்திலா அதை எடுக்க ஓடி வந்திருக்கிறாள். கதவோரம் பெயர்ந்து நின்ற மொசைக் விளிம்பு அவள் உள்ளங்காலைக் கிழித்துவிட்டது. “அம்மா!” என்று அலறினாள். அது அடிபட்டால் எல்லோரும் கத்துகிற அம்மாதான். ஆனால் நான் பாதிச் சோப்போடு நைட்டியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

நல்ல ஆழம். அவளைக் கட்டிலில் உட்காரவைத்து, காலை மடியில் வைத்துக் கழுவித் துணியால் அழுத்திப் பிடித்தேன். ரத்தம் நிற்க நேரம் ஆயிற்று. அவள் அழவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“என்னாலதான்,” என்றேன். “அப்பமே உடைச்சிருக்கணும். உங்கம்மா பாத்துப் பாத்துப் போட்ட தரைன்னுதான் எனக்கு மனசு வரல.”

காலை இழுத்துக்கொள்ளாமலே என்னைப் பார்த்தாள்.

“யாரு, எங்கம்மாவா?”

“ஆமா. அத்தை சொன்னாவ.”

“எங்கம்மாவுக்கு இந்தத் தரையக் கண்டாலே ஆகாது!”

நான் கட்டுப் போடுவதை நிறுத்திவிட்டேன்.

“அப்பாவோட ஃப்ரெண்டு ஒருத்தர் கல்யாண மண்டபத்துக்குத் தரை போட்டிருக்காவ. அதுல நெறைய கல்லு மிஞ்சிப் போச்சாம். சும்மா கெடைக்குன்னு அப்பா அம்புட்டையும் கொண்டாந்து இங்க போட்டுட்டாவ. அம்மா டைல்ஸ் கேட்டாளாம். இந்தப் பூ இருக்குல்லா, இது மணமேடைக்கு நடுவுல போட வச்சிருந்த டிசைனாம். அம்மா இதுக்கு மண்டபத் தரைன்னுதான் பேரு வச்சிருந்தா.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“உள்ள வரும்போதெல்லாம் இந்த எடத்துல நின்னுக்கிட்டு, ‘முதப் பந்தி முடிஞ்சிட்டா? எலை போட்டாச்சா?’ன்னு கேப்பா. அப்பா படுத்திருந்தாவன்னா, ‘மாப்பிள்ளைய எழுப்புங்க, முகூர்த்தத்துக்கு நேரமாச்சு’ம்பா. உடம்பு சரியில்லாம ஆனப்பகூட. ஆஸ்பத்திரிலருந்து வந்து எறங்கி, இங்ஙன அப்பா கையப் பிடிச்சுக்கிட்டு நின்னு, ‘மொய் எழுதுற எடம் எங்க?’ன்னு கேட்டா.”

அங்கே சிரிப்பு உடைந்தது. நான் அவள் காலை விடவில்லை. வேறு எதைப் பிடித்துக்கொள்வது என்றும் தெரியவில்லை.

அழுது முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: “இதெல்லாம் நான் யார்ட்டயும் சொல்லதில்ல. அப்பாட்ட சொன்னா முகம் ஒரு மாதிரி ஆயிரும். அத்தைட்ட சொன்னா அத்தை அழுவாவ.”

“அன்னைக்கு நீ இங்க படுத்திருந்தியே? நான் பாத்தேன்.”

“இந்த ரூம் ஃபேன்தான் வேகமாச் சுத்தும்.”

கட்டுப் போட்டு முடித்தேன். அவள் முடிச்சைத் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“முன்னாடி நான் இங்கதான படுப்பேன். அம்மா இருக்கும்போதும். பொறவும்.”

இவ்வளவு நாளும் நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், அறை யாருடையது என்று பார்க்கவில்லை.

சாயங்காலம் அவர் வந்ததும் காலுக்கு என்ன என்று பதறினார். ஊசி போட்டு வந்துவிட்டோம் என்று சொன்னேன். காப்பி கொடுத்துவிட்டுக் கேட்டேன்: “எந்த மண்டபம்?”

“என்ன?”

“நம்ம ரூம் தரை எந்த மண்டபத்துல மிஞ்சினதுன்னு கேட்டேன்.”

அவர் நித்திலாவைப் பார்த்தார். அவள் புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டாள். முதலில் அவர் மீசைதான் துடித்தது. பிறகு சத்தமாகச் சிரித்தார். இந்த வீட்டில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை.

“சங்கரன்கோவில் ரோட்டுல. இப்பம் அது பாத்திரக் கடை.”

சிரித்து ஓய்ந்ததும் டம்ளரைத் தரையில் வைத்தார்.

“ஒருநாள் பூரா எங்கூடப் பேசல அவ. அடுத்த வருசம் மாத்திருவோம், அடுத்த வருசம் மாத்திருவோம்னு சொல்லிட்டே வந்தேன். நித்திலா பொறந்தா, பள்ளிக்கூடம் வந்துது, அப்புறம் சீக்கு வந்துது. அவ கேட்டப்ப மாத்தல. அவ போன பொறவு மாத்தி யாருக்கு? அதான் அப்பிடியே போட்டுட்டேன். நீ வந்ததும், இந்தத் தடவையாவது ஒடனே செஞ்சிருவோம்னு நெனச்சேன். நீ வேண்டாம்ன. எனக்கு ஒண்ணும் புரியல.”

நித்திலா புத்தகத்தை இறக்கிவிட்டாள். “அப்பா, அம்மா மொய் கேட்டால்லா, அது ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. நான் பாக்கெட்டத் தடவிப் பாத்தேன்.”

“அது எனக்குத் தெரியாதே!”

“நீ பின்னாடி பை தூக்கிட்டு வந்துட்டிருந்த.”

அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் தோசை ஊற்றி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தேன். கோமதி எப்படிப் பாடுவாள், எந்தச் சேலையை எந்தக் கடையில் எப்படிச் சண்டை போட்டு மாற்றினாள், பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்காக மகளோடு எப்படி மல்லுக்கட்டுவாள். இந்த வீட்டில் அவள் பெயரை எல்லோரும் மெதுவாகச் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். ஆள் அப்படி மெதுவானவள் இல்லை போலிருக்கிறது.

ஏப்ரல் 8, செவ்வாய்

நித்திலா கணக்குப் பரீட்சைக்கு நொண்டிக்கொண்டே போனாள். பங்குனி முடியாமல் வீட்டில் கடப்பாரை வைக்கக் கூடாது என்று வடிவு மதினி ஃபோனில் சொன்னார். சரி என்றேன். உடைக்கிறது என்று முடிவாகிவிட்டது.

ஏப்ரல் 14, திங்கள். சித்திரை முதல் நாள்

மாங்காய்ப் பச்சடி, பருப்புப் பாயசம். மதினி சாப்பிட வந்திருந்தார். இலையில் உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டதும் ஆரம்பித்தார்.

“என்ன இருந்தாலும் கோமதி பாத்துப் பாத்துப் போட்ட தரை. உடைக்கப் போறீங்களேன்னு எனக்கு மனசே ஆறல.”

நித்திலா என்னைப் பார்த்தாள். நான் இவரைப் பார்த்தேன். மூவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு. மதினிக்குக் கோபம் வந்துவிட்டது. நித்திலாதான் கதையைச் சொன்னாள், மண்டபத்திலிருந்து மொய்வரைக்கும்.

மதினி கையில் எடுத்த சோற்றை வைத்துவிட்டார்.

“மிஞ்சின கல்லா? எங்கிட்ட அவ ஒரு வார்த்த சொன்னதில்லயே. ‘எங்க வீட்டுக்காருக எனக்குன்னு பூப்போட்ட தரை போட்டுக் குடுத்திருக்காவ மதினி, இந்தத் தெருவுல யாருக்கு இருக்கு?’ன்னுல்லா சொல்லுவா. வரும்போதெல்லாம் சொல்லுவா.” என் பக்கம் திரும்பினார். “எந்தம்பிய எங்கிட்டகூட விட்டுக்குடுக்கல பாரு.”

இவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார். இலையில் மோர்ச்சோறு அப்படியே இருந்தது. குழாய்ச் சத்தம் வெகு நேரம் கேட்டது. யாரும் போய்க் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

டைல்ஸ் கடைக்கு மூவரும் போனோம். “அப்பா, நீங்க மட்டும் வாயத் தொறக்கக் கூடாது” என்று நித்திலா வாசலிலேயே சொல்லிவிட்டாள். அவர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு வந்தார்.

எனக்குச் சிவப்பு வேண்டும் என்று சொன்னேன். சொன்ன பிறகுதான், வேண்டும் என்று இந்த வீட்டில் நான் கேட்ட முதல் பொருள் அது என்று தோன்றியது. கடைக்காரர் ஐந்தாறு சிவப்பு எடுத்துப் போட்டார். ஒன்று செங்கல் மாதிரி, ஒன்று ஹோட்டல் மாதிரி, ஒன்று இரத்தம் மாதிரி. எங்கள் வீட்டுச் சிவப்பு எதிலும் இல்லை. அது அப்பாவும் அம்மாவும் நடந்து நடந்து வந்த நிறம். பெட்டியில் வராது.

நித்திலா சொரசொரப்பானதுதான் வேண்டும், வழுக்கக் கூடாது என்றாள். கடைசியில் உடைத்த பாசிப்பயறு நிறத்தில் ஒன்று அகப்பட்டது. வெயிலில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தோம். கண்ணுக்கு இதமாக இருந்தது.

“இது எதாவது மண்டபத்துல போட்டிருக்கா?” என்று நித்திலா கடைக்காரரிடம் கேட்டாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

கட்டில், பீரோ எல்லாம் ஹாலுக்கு வந்துவிட்டன. உடைக்க ஆரம்பித்தார்கள். நான் மூக்கில் துணி கட்டிக்கொண்டு கடைசிவரை நின்று பார்த்தேன். தென்காசியில் திரும்பி வந்த மாதிரி வரக் கூடாது என்று நினைத்திருந்தேன்.

கட்டிலை எடுத்ததும் பூ முழுதாகத் தெரிந்தது. நினைத்ததைவிடப் பெரிது. நிஜமாகவே மணமேடைக்குத்தான் பொருந்தும். பூவை மட்டும் முழுசாக எடுத்துத் தரவா என்று தாவீது கேட்டார். நித்திலா யோசித்தாள்.

“எடுத்து எங்க வைக்க? அம்மா இருந்தா திட்டுவா.”

சம்மட்டி விழுந்தது. சாயங்காலம் எல்லாச் சில்லும் தெருக்கோடிப் பள்ளத்தை நிரப்பப் போய்விட்டன. அவர் மட்டும் கொஞ்ச நேரம் அந்த வெறும் மண்ணில் செருப்போடு நின்றுகொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். “ரெண்டு வருசம் கழிச்சாவது மாத்திருக்கலாம்,” என்றார். “ஆமா,” என்றேன். இல்லை என்று சொல்லித் தேற்றுவதற்கு எனக்கு வாய் வரவில்லை. அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது போல. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஹாலில் மூவரும் வரிசையாகப் பாய் போட்டுப் படுக்கிறோம். காலையில் விழித்தபோது நித்திலாவின் கால் என் வயிற்றின்மேல் கிடந்தது. காயம் ஆறித் தழும்பாகிவிட்டது. எழுந்தால் அவள் விழித்துவிடுவாள் என்று பால்காரர் மணியடித்துவிட்டுப் போகும்வரை அசையாமல் கிடந்தேன். பால் வாங்காததற்கு என்ன காரணம் என்று இவர் கேட்டார். தூங்கிவிட்டேன் என்றேன்.

இப்போதெல்லாம் சாப்பிடும்போது பழைய கதைதான். நேற்று என் முறை. அப்பா பஸ் ஸ்டாண்டில் மைக்கில் பேசிப் பேசி, வீட்டிலும் “சாப்பிட வரவேண்டியவர்கள் வரலாம்” என்று கூப்பிடுவதைச் சொன்னேன். நித்திலாவுக்குப் புரையேறிவிட்டது.

மே 1, வியாழன்

டைல்ஸ் ஒட்டி முடிந்தது. இரண்டு நாள் மிதிக்கக் கூடாதாம்.

மே 4, ஞாயிறு

கட்டிலை உள்ளே போட இவரும் தாவீதும் தூக்க வந்தார்கள். “அதைச் சின்ன ரூமுக்குக் கொண்டு போங்க,” என்றேன்.

இவர் விழித்தார்.

“நித்திலா இந்த ரூம்ல இருக்கட்டும். அடுத்த வருசம் ஒம்பதாம் கிளாஸ். மேசை போட எடம் வேணும், காத்து வேணும். நமக்கு அது போதும்.”

“அதுல கட்டில் போட்டா நடக்க எடம் இருக்காதே.”

“நடந்து எங்க போகப் போறோம்?”

தாவீது சிரிப்பை அடக்கிக்கொண்டு கட்டிலின் ஒரு முனையைத் திருப்பினார். நித்திலா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். தன் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரே நடையில் எல்லாவற்றையும் தூக்கப் பார்த்துப் பாதியைக் கீழே போட்டாள். இவர் அந்தப் புத்தகங்களை எடுத்துக் கொடுத்தார். அப்போது அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதை எழுதத் தெரியவில்லை.

சாயங்காலம் மொட்டைமாடியில் வற்றல் எடுத்துவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு இறங்கினேன். அந்த அறையில் ஒரு ஜன்னல் கொக்கி சரியாக விழவில்லை என்பது ஞாபகம் வந்து நேரே உள்ளே போனேன். இரண்டடி வைத்திருப்பேன்.

“சித்தி! நில்லுங்க, நில்லுங்க! என்ன சித்தி நீங்க, ஈரக் காலோட வாறிய! இப்பந்தான குனிஞ்சு குனிஞ்சு தொடச்சேன், கண்ணு தெரியலையா?”

கையில் தரை துடைக்கிற துணியோடு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து நிற்கிறாள். என் பாதம் இரண்டும் அந்தப் பாசிப்பயறு நிறத்தில் நன்றாகப் பதிந்திருந்தன. அவள் முணுமுணுத்துக்கொண்டே வந்து அதைத் துடைத்தாள். “காயற வரைக்கும் வெளியவே நில்லுங்க. அப்பா வந்தாலும் உள்ள விடாதிய.”

சரி என்று வெளியே போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் இவர் வந்தார். ஏன் இங்கே நிற்கிறாய் என்று கேட்டார்.

“பேச்சு வாங்கிட்டு நிக்கேன்,” என்றேன். “உள்ள போகாதிய, ஒங்களுக்கும் விழும்.”